பிறப்பு கேட்டுத் துரத்தப்பட்டவர்

ஆத்தூரிலிருந்து கிழக்கே போனால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். ஒரு காலத்தில் முத்துக்குளித்துறையின் தலைநகரம் போல விளங்கிய ஊர். இந்த ஊரில் வாழ்ந்து இங்கேயே உயிர்விட்ட அண்ட்ரிக் அடிகளாரைத் தமிழ் அச்சின் தந்தை என்று மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பார்கள். அவர் எதற்காகத் துரத்தப்பட்டார் என்பதைப் பாடம் சொல்வதில்லை. நமக்கு அதுதான் முக்கியம்.

ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1520-ல் போர்ச்சுகலில் உள்ள விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள். குடும்பம் கிறிஸ்தவமான பிறகும் அந்த முத்திரை போகவில்லை. பிரான்சிஸ்கன் சபையில் துறவியாகச் சேர்ந்தவரை, யூத வழி வந்தவர் என்று தெரிந்ததும் வெளியேற்றினார்கள். இரத்தம் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. ஞானஸ்நானம் பெற்றாலும் பிறப்பு பின்னாலேயே வரும் என்பதை நம்மைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்?

1545-ல் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு கோவா வந்தார். 1547-ல் இந்தக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். மந்திரங்கள் மனப்பாடமாகத் தெரியும், பொருள் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசுவது போதாது என்று கண்ட அண்ட்ரிக், தானே தமிழ் கற்றார், மற்ற குருக்களும் கற்க இலக்கணம் எழுதினார்.

அவருடைய விசுவாசம் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. புன்னைக்காயலில் நோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். ஊர் மக்களின் காணிக்கையில் அது நடந்தது. கடற்கரையில் சண்டை வந்தபோது சிறைப்பட்டும் இருந்தார். விடுதலையானதும் ஊர் திரும்பாமல் மீண்டும் இதே மக்களிடம் வந்தார்.

1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கமே கொண்ட சிறு நூல். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைப்பதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. 1579-ல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. 1586-ல் வந்த அடியார் வரலாறு புன்னைக்காயலிலேயே அச்சானதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏட்டை எட்டிப் பார்க்கவும் விடாத நாட்டில், முத்துக் குளிப்பவர்களுக்காக, அவர்கள் தந்த பணத்தில் தமிழ் அச்சேறியது.

1593-ல் இயேசு சபையும் யூத வழியினரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அப்போது அண்ட்ரிக்குக்கு வயது 73. தன் சபையே தன் பிறப்புக்குக் கதவடைத்த பிறகும் அவர் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரைச் சாதியை ஒழித்தவர் என்று நாம் சொல்லவில்லை. அன்றைய திருச்சபை சாதியை அப்படியே விட்டுவைத்தது. அதன் விளைவை இன்றும் தனிக் கல்லறைகளிலும் தேர் வராத தெருக்களிலும் அனுபவிக்கிறோம். அரசும் 1950-ம் ஆண்டு ஆணையால் கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கோயிலுக்குள்ளே சாதி உண்டு, சான்றிதழில் மட்டும் இல்லை.

அண்ட்ரிக்கின் பெயரைப் பெருமையோடு சொல்லும் பங்குகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவருக்கு மாலை போடுகிறவர்கள், அவரைத் துரத்திய கேள்வியைத் தங்கள் பங்கில் யாரிடமும் கேட்காமல் இருக்க வேண்டும். கல்லறைச் சுவரை இடிப்பதில் அது தொடங்கட்டும்.