பொம்மைக் கார்களின் தந்தை பிராங்க் ஹார்ன்பி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன், அக்காள்மடம்)

மேதைகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் நியூட்டன், எடிசன், சர் சி.வி. இராமன் போன்றோரே. எங்கள் இராமேசுவரம் தீவில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களை நினைக்காத மாணவனே இங்கு இல்லை. இப்பெருமக்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். ஆகவே நான் வேறொருவரை எடுத்துக்கொண்டேன். அவர் ராக்கெட் செய்தவர் அல்லர், பொம்மை செய்தவர். பொறியியல் படித்தவரும் அல்லர். கணக்கு எழுதிப் பிழைத்தவர். இருந்தும் உலகில் பல்லாயிரம் சிறுவர்கள் பொறியியல் வல்லுநர்களாக வளர அவருடைய பொம்மைகள் வழிகாட்டின. அவர்தான் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி.

இவரை நான் அறிந்துகொண்டது என் பொழுதுபோக்கின் வாயிலாக. சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் நாணயம் சேர்ப்பர். நான் பழைய உலோகப் பொம்மைக் கார்களைச் செப்பனிடுகிறேன். என் தாத்தாவின் தந்தையார் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய அந்நாளில் ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கையளவு கார் ஒன்று வாங்கி வந்தாராம். 1950களில் என் தாத்தாவுக்கும் அதே வழியில் ஒரு கார் வந்தது. அவை இரண்டும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றின் அடியில் பொறித்திருந்த பெயரைத் தேடிப் போனபோது கிடைத்ததே இந்த வரலாறு.

இளமைப் பருவம்

பிராங்க் ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் லிவர்ப்பூலில் பிறந்தார். தந்தையார் உணவுப் பொருள் வணிகர். பிராங்க் 16ஆம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கடையில் காசாளராக அமர்ந்தார். 1887இல் திருமணம் நடந்தது. 1899இல் தந்தையார் காலமானார், கடையும் மூடப்பட்டது. டேவிட் எலியட் என்னும் இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கராகச் சேர்ந்தார் ஹார்ன்பி.

பகல் முழுதும் பேரேடு எழுதும் அந்த மனிதருக்கு மாலையில் வேறொரு உலகம் இருந்தது. வீட்டில் சிறு பட்டறை ஒன்று வைத்திருந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்னும் தம் இரு மகன்களுக்காகத் தாமே பொம்மைகள் செய்வார். தாமிரத் தகட்டை வெட்டிப் பாலங்கள், பாரந்தூக்கிகள், வண்டிகள் ஆகியவற்றை உருவாக்குவார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் துண்டுகள் வெட்ட வேண்டியிருந்தது. ஒரே துண்டு இன்று பாலத்திற்கும் நாளை பாரந்தூக்கிக்கும் பயன்பட்டால் என்ன என்ற எண்ணம் அப்போது அவருக்குப் பிறந்தது. அகலம் ஒன்றாகவும், அரை அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளைகள் உள்ளனவாகவும் பட்டைகளை வெட்டினார். திருகும் மரையும் கொண்டு எப்படி வேண்டுமானாலும் அவற்றைப் பூட்டலாம். பின்னர் பிரித்து வேறொன்றாக்கலாம். பார்க்க எளிய எண்ணம்தான். 

கடனில் பிறந்த கண்டுபிடிப்பு

1901ஆம் ஆண்டு சனவரியில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கான செலவுக்குக் கையில் பணமில்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 37. குடும்பப் பொறுப்பும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவர் பொம்மைக்காகக் கடன்படுவதைக் கண்டு அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பர் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

எலியட் பின்னர் கூட்டாளியாகவும் சேர்ந்தார். 1902இல் விற்பனை தொடங்கியது. பெட்டி ஒன்றின் விலை 7 ஷில்லிங் 6 பென்சு. அக்காலத் தொழிலாளி ஒருவருக்கு அது பெருந்தொகை. துண்டுகள் கரடுமுரடாக இருந்தன. கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினர். பட்டமில்லாத கணக்கர் ஒருவரின் பொறியியல் பொம்மையை யார் நம்புவார்கள்? அந்த வேளையில் கைகொடுத்தவர் லிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா. பாய்மங்களின் ஓட்டத்தைப் பற்றிப் படிக்கும் இயற்பியல் மாணவர்கள் இப்பெயரை அறிவார்கள். அவர் இப்பொம்மையின் கல்விப் பயனைப் பாராட்டி ஒரு கடிதம் வழங்கினார். ஒரு பேராசிரியரின் கடிதம் எளியவர் ஒருவரின் உழைப்பை ஊர் அறியச் செய்தது. ஆசிரியப் பெருமக்களின் ஒரு சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

1907இல் மெக்கானோ என்னும் பெயர் பதிவு பெற்றது. 1908இல் மெக்கானோ நிறுவனம் அமைந்தபோது எலியட் விலகிக்கொண்டார். சுமை முழுதும் ஹார்ன்பியின் தோளில் விழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1914இல் லிவர்ப்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916இல் மெக்கானோ மேகசின் என்னும் சிறுவர் இதழ் தொடங்கியது. 1920இல் ஹார்ன்பி பொம்மை இரயில்கள் வெளிவந்தன.

1914 என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பழைய பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து உயரும் பகுதியைத் தொழிலாளர்கள் கையால் இயக்கினர். மெக்கானோ பெட்டியின் படத்தை முதன்முதலில் கண்டபோது எனக்கு அந்தப் பாலமே நினைவுக்கு வந்தது. துளையிட்ட சட்டங்கள், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள், குறுக்குத் தாங்கிகள் எல்லாம் அதே இலக்கணம்தான். 2022 டிசம்பரில் அதில் இரயில் நின்றது. 2025 ஏப்ரலில் செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலங்கள் மாறலாம், முக்கோணத்தின் வலிமை மாறுவதில்லை என்பதை ஹார்ன்பி சிறுவர்களின் விரல்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய பொம்மை ஆய்வுக்கூடத்திலும் நுழைந்தது. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரியும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோத் துண்டுகளைக் கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறி ஒன்றை அமைத்தனர். அணு அமைப்புக் கணக்குகளுக்கு அது பயன்பட்டது. கணினி பிறக்காத காலத்தில் பொம்மைப் பெட்டி கணக்குப் போட்டது!

கையளவு கார்கள்

பொம்மை இரயில் நிலையத்திற்கு வெளியே நிற்க வண்டிகள் வேண்டுமல்லவா? அதற்காக 1933 இறுதியில் ஆறு சிறு வாகனங்களை ஹார்ன்பியின் நிறுவனம் வெளியிட்டது. 1934இல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. இரயிலுக்குத் துணையாகப் பிறந்த கார், விரைவில் தனக்கென ஓர் உலகத்தையே அமைத்துக்கொண்டது.

இக்கார்கள் அச்சு வார்ப்பில் செய்யப்பட்டவை. உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினால் நொடியில் காரின் உடல் தயாராகிவிடும். தொடக்கத்தில் ஈயம் பயன்பட்டது. பின்னர் துத்தநாகக் கலப்புலோகத்திற்கு மாறினர். அதில் 100 பங்குக்கு ஏறத்தாழ 96 பங்கு துத்தநாகம். 4 பங்கு அலுமினியம். மிகச் சிறிதளவு மக்னீசியம். சுமார் 385 டிகிரி சென்டிகிரேடில் உருகுவதால் எஃகு அச்சு நெடுநாள் உழைக்கும். ஈயத்தைவிட உறுதியானது, மெல்லிய விளிம்பும் நன்றாக வரும்.

ஆனால் இந்த உலோகத்திற்கு ஒரு நோய் உண்டு. ஈயக் கலப்பு 0.005 சதவீதத்தை மிஞ்சினாலே இதற்கு ஆகாது. துத்தநாகம் உறையும்போது ஈயம் அதனுடன் கலவாமல் படிக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் ஈரம் அந்த எல்லைகளின் வழியே உள்ளே அரிக்கும்; உலோகம் வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட்டைப் போல உதிரும். போருக்கு முந்திய டிங்கி கார்கள் பலவற்றின் முடிவு இதுவே. தொழிற்சாலையில் தூய துத்தநாகத்துடன் ஈயம் கலந்துவிட்டதன் விளைவு. ஹார்ன்பியின் பெருமையைப் பேசும்போது இக்குறையை மறைப்பது முறையன்று.

எங்கள் பெட்டியிலிருந்த இரண்டு கார்களில் மூத்த கார் இந்நோயால்தான் அழிந்தது. கூரையில் முடிபோன்ற வெடிப்புகள், வளைந்த உடல், உள்ளங்கையில் உதிரும் துண்டுகள். எந்தப் பசையும் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த எங்கள் ஊரில் அதன் ஆயுள் இன்னும் குறைந்திருக்கும். அதன் துண்டுகளை ஒரு சீசாவில் இட்டு வைத்திருக்கிறேன். படிக எல்லை அரிப்புக்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இளைய கார் பிழைத்தது. அதன் மேல் படிந்திருந்த வெண்பொடி உப்புக்காற்றில் துத்தநாகம் கொள்ளும் மேற்பூச்சு நோய்தான். ஆர்வமுள்ள நண்பர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலையை மெல்லத் துளையிட்டுக் காரைப் பிரிக்க வேண்டும். பிறகு கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், பெயிண்ட் ரிமூவர் கொண்டு பழைய வண்ணத்தை நீக்க வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவிடுவோர் உண்டு. துத்தநாகம் காரத்திலும் கரைந்து ஹைட்ரஜனை வெளியிடும் என்பதை முதலாண்டுப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். நெடுநேரம் ஊறினால் காரின் கதவுக்கோடும் கைப்பிடியும் மழுங்கிப்போகும். பின் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்தி, பிரைமர் பூசி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வண்ணம் ஏற்ற வேண்டும். புதிய ரப்பர் டயர் மாட்டி மீண்டும் பூட்டினால் கார் ஓடும். செப்பனிட்ட காரைப் பழைய வண்ணம் மாறாத கார் என்று சொல்லி விற்பது ஏமாற்று. ஆகவே நான் அடித்தகட்டின் உட்புறத்தில் ஆண்டைக் குறித்து வைக்கிறேன்.

இறுதிக் காலம்

ஹார்ன்பி 1931இல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். 1935 வரை அப்பதவியில் இருந்தார். 1936 செப்டம்பர் 21ஆம் நாள் காலமானார். எந்த மகனுக்காகத் தாமிரத் தகடு வெட்டினாரோ அந்த ரோலண்டே அவருக்குப் பின் நிறுவனத் தலைவரானார். 1964இல் நிறுவனம் வேறு கைக்கு மாறியது. 1960களின் இறுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அங்கு நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அதே கார்கள் நம் நாட்டுத் தொழிலாளர் கைகளால் வார்க்கப்பட்டன. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஹார்ன்பி என்னும் பெயர் மட்டும் பொம்மை இரயில்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விசைப்படகுகளின் என்ஜின்களைப் பழுது பார்ப்பவர். பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை, ஸ்குரூ டிரைவரும் உப்புத்தாளும் கையுமாக உட்காருவது உறவினர் சிலருக்குப் பிடிக்கவில்லை. கையில் கறைபடாமல் இருப்பதற்குத்தானே படிப்பு என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. காலமெல்லாம் கையால் உழைத்துக் களைத்தவர்கள், அடுத்த தலைமுறையாவது நிழலில் அமரட்டும் என்று நினைப்பது அன்பின் விளைவே.

ஆயினும் ஹார்ன்பியின் வாழ்க்கை எனக்கு வேறொன்றைக் கூறுகிறது. அவரிடம் கை இருந்தது, பட்டம் இல்லை. ஹீலி ஷாவிடம் பட்டம் இருந்தது. அவர் அந்தக் கையை மதித்தார். இரண்டும் சேர்ந்தபோது மெக்கானோ வளர்ந்தது. என் அப்பா என்ஜின் ஓசையைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியாது. நமக்குப் பாடநூல் விளக்கம் தெரியும், ஓசை புரியாது. நம்மைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இவ்விரண்டையும் ஒன்றாகப் பெறும் வாய்ப்புடையவர்கள். வீட்டிலிருந்து வந்த கைத்திறனை விடுதிக்கு வெளியே விட்டுவிட்டு, வெறும் மதிப்பெண்ணுடன் திரும்பினால் பாதிச் சொத்தை இழந்தவர்களாவோம்.

மாணவ நண்பர்களே! ஓய்வு நேரத்தில் ஏதேனும் ஒரு பொருளைப் பிரித்துப் பாருங்கள். மீண்டும் பூட்டிப் பாருங்கள். பழுதான கடிகாரமோ, மின்விசிறியோ, தம்பியின் பொம்மைக் காரோ எதுவாயினும் சரி. உங்கள் ஊரில் வலை பின்னுபவரிடமும், படகு கட்டும் ஆசாரியிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். 37 வயதுக் கணக்கர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வெட்டிய தாமிரத் துண்டு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பொறியாக வளர்ந்ததென்றால், நம் கைகளுக்கும் ஒரு நாள் வரும் என்பதில் ஐயமில்லை.