ஒரே ராத்திரியில் 3 மரணங்கள்: நர்சிங் மாணவிகளுக்கு ஐடா ஸ்கடர் வாழ்க்கை சொல்வது என்ன?

திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் நின்றால், நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் போகும் பஸ்களில் யூனிஃபார்ம் போட்ட நர்சிங் மாணவிகளைப் பார்க்கலாம். தேரி மணலும் பனையுமாக இருக்கும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நர்சிங் என்பது வெறும் படிப்பு இல்லை. முடித்தால் சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை, அதை நம்பி வாங்கிய கல்விக் கடன், அடுத்து தங்கச்சியின் படிப்பு. இத்தனையும் 18 வயதுப் பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இதோடு முதல் வார்டு போஸ்டிங் வரும். நேற்று தலை வாரிவிட்ட ஆச்சி, இன்று காலை அந்தப் படுக்கையில் இருக்க மாட்டார். அழலாமா, கூடாதா? கை நடுங்கினால் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? பல மாணவிகள் யாரிடமும் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இவை.

இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து ஒரு மருத்துவமனையையும் நர்சிங் பள்ளியையும் உருவாக்கியவர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நிறுவனர்.

யார் இந்த ஐடா?

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர். அண்ணன்மாரோடு வளர்ந்த ஒரே பெண் பிள்ளை ஐடா.

தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876-78 பஞ்சத்தின்போது அவர் சின்னக் குழந்தை. பசியில் எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்க உதவினார். பார்த்த காட்சிகள் மனசை விட்டுப் போகவில்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபோது அவரை அங்கேயே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிரிவும் அவரை ரொம்பவே பாதித்தது. இந்தியா என்றாலே பசி, சாவு, பிரிவு என்ற எண்ணம் பதிந்துபோனது. குடும்பத் தொழிலான மிஷனரி வேலை தனக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார்.

பிறவியிலேயே தைரியசாலி, சேவைக்கென்றே பிறந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் முதலில் ஓடிப்போக நினைத்தவர் என்பதுதான் உண்மை.

திண்டிவனத்தில் என்ன நடந்தது?

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் பிரசவ வலியில் மனைவி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்.

அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

கையாலாகாமல் நின்ற அந்த ராத்திரி அவரை உடைத்துப்போட்டிருக்கலாம். குற்ற உணர்ச்சி, கோபம், பயம் எல்லாம் இருந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை. எதனால் இப்படி வலிக்கிறது என்று யோசித்தார். பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் இல்லை என்பது புரிந்தது. மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

இதற்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது: உணர்வுசார் நுண்ணறிவு. தன் உணர்ச்சி என்ன, அது எதனால் வந்தது, அதை வைத்து என்ன செய்வது என்று புரிந்துகொள்வதும், எதிரில் இருப்பவரின் உணர்ச்சியைப் படிக்கத் தெரிவதும்தான் இதன் சாரம். 1990-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 1995-ல் டேனியல் கோல்மனின் புத்தகம் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அதாவது, உணர்ச்சியை அடக்குவது அல்ல, அடையாளம் காண்பதுதான் முதல் படி.

தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1899-ல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே பெண்கள் சேர்ந்து படித்த முதல் அணிகளில் அவரும் ஒருவர். ராபர்ட் ஷெல் என்பவர் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன், 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார்.

அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். புது டாக்டர், அனுபவம் குறைவு, பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. வீட்டின் ஒரு சின்ன அறையில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

முழுத் தன்னம்பிக்கை வந்த பிறகு அவர் வேலையைத் தொடங்கவில்லை. தினமும் செய்யச் செய்யத்தான் நம்பிக்கை வந்தது. முதல் ஊசி போடும்போது நடுங்கும் கை, ஐம்பதாவது ஊசியில் நடுங்காது.

நர்சிங் பள்ளி ஏன்?

கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்ப்பது? இன்னும் கடுமையாக உழைப்பது மட்டும் தீர்வாகாது, கூட நிற்கும் கைகள் வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார். 1909-ல் டெலியா ஹவுட்டன் என்ற நர்ஸின் துணையோடு நர்சிங் பள்ளி தொடங்கியது. ரத்தம், மலம், சீழ் தொடும் வேலை தீட்டு என்று ஊர் ஒதுக்கிய காலம் அது. அந்த வேலைக்குப் படிப்பும் மரியாதையும் உண்டு என்று காட்டியது அந்தப் பள்ளி. அதே காலத்தில் குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் கிராம மக்களுக்கு வைத்தியமும் நடந்தது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. ஆண்களே நிறையப் பேர் ஃபெயிலாகும் தேர்வு, பெண் பிள்ளைகள் தேறுவார்களா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். முதல் அணியில் தேர்வு எழுதிய 14 பேரும் பாஸ். 1922-ல் அந்த 14 பேரும் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். 1946-ல் வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமானது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவைதான்.

மன அழுத்தத்தை அவர் எப்படிச் சமாளித்தார்?

ஐடா இரவு பகலாக உழைத்தவர்தான், ஆனால் ஓய்வே எடுக்காதவர் இல்லை. டென்னிஸ் என்றால் உயிர், வயதான பிறகும் விளையாடினார். தோட்டம் வளர்த்தார். கோடை வந்தால் கொடைக்கானல். காலையில் பிரார்த்தனை. அம்மா, தோழிகள் ஆனி ஹான்காக், கெர்ட்ரூட் டாட் என்று மனசு விட்டுப் பேச ஆட்கள் இருந்தார்கள். டிப்ளமோ மருத்துவப் பள்ளிகளுக்கு முடிவு வந்து, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தாவிட்டால் மூட வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது அவருக்கு 70 வயதை நெருங்கியிருந்தது. அப்போதும் தனியாகப் புலம்பாமல், பணம் திரட்ட அமெரிக்கா போனார். 1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார்.

எல்லாம் மனசில்தான் இருக்கிறதா?

அதே 1960-ல் லண்டனில் இசபெல் மென்சீஸ் என்ற உளவியலாளர் ஒரு முக்கிய ஆய்வை வெளியிட்டார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் நர்சிங் மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். நோயாளியோடு ஒட்டக்கூடாது, பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணையோ நோயையோ சொல்லிக் குறிப்பிட வேண்டும், அடிக்கடி வார்டு மாற வேண்டும் என்ற ஏற்பாடுகள் பதற்றத்தைத் தடுக்க வந்தவை. அவை பதற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன என்று அவர் காட்டினார்.

ஆகவே மாணவியைப் பார்த்து தைரியமாக இரு என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சுதான். ஐடாவுக்குக் குடும்பப் பின்புலமும் பண உதவியும் இருந்தன. கல்விக் கடனோடு நைட் டூட்டி பார்க்கும் பிள்ளைக்கு அது இல்லை. வார்டில் ஒரு மரணம் நடந்தால் பிறகு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச ஒரு டீச்சர், எல்லார் முன்னாலும் திட்டாத சீனியர், தூங்க நேரம் விடும் டூட்டி லிஸ்ட், இவை கல்லூரியும் மருத்துவமனையும் தர வேண்டியவை.

மாணவி செய்யக்கூடியதும் இருக்கிறது. அழுகை வந்தால் அது பலவீனம் இல்லை என்று தெரிந்துகொள்வது. தெரியாததைத் தெரியாது என்று கேட்பது. ரூம்மேட்டிடமோ வீட்டிலோ சொல்வது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

திண்டிவனத்தில் அந்த ராத்திரி ஐடாவுக்கு அழ மட்டுமே தெரிந்தது. மற்றதையெல்லாம் பிறகுதான் கற்றுக்கொண்டார்.