அறுசுவையை எண்ணிய கணித மேதை



நம் வகுப்பறைச் சன்னலைச் சற்று நோக்குங்கள். குறுக்கே 4 கம்பிகளும் நெடுக்கே 5 கம்பிகளும் இருப்பதாகக் கொள்வோம். அவற்றினிடையே எத்தனை செவ்வகங்கள் உள்ளன? 12 சிறு கட்டங்கள் உடனே தெரியும். ஆனால் இரண்டு கட்டம் சேர்ந்தும் ஒரு செவ்வகம், மூன்று சேர்ந்தும் ஒரு செவ்வகம்! விரல்விட்டு எண்ணினால் பாதியிலேயே குழம்பிவிடுவோம். எண்ணாமலே விடை காணும் விதியைப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர்தாம் மகாவீராச்சாரியர்.

சமண சமயத்தின் 24ஆம் தீர்த்தங்கரரான வர்த்தமான மகாவீரர் வேறு, இவர் வேறு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணப் பெரியார் இவர். மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு 814 முதல் 878 வரை ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனைத் தம் நூலில் போற்றியுள்ளார். நம் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலையைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஏறத்தாழ இவர் காலத்தை ஒட்டியவையே.

தம் பெற்றோரைப் பற்றியோ இளமையைப் பற்றியோ இவர் எழுதி வைக்கவில்லை. இவர் விட்டுச் சென்ற செல்வம் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூல். ஏறத்தாழ 850இல் இயற்றப்பட்ட இந்நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. இசை, மருத்துவம், கட்டடக் கலை, ஏன், சமையலுக்கும்கூடக் கணிதம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே இவர் வற்புறுத்துகிறார்.

சமையலறையிலிருந்தே ஒரு கணக்கும் தருகிறார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்னும் அறுசுவையை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? தனித்தனியே 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நந்நான்காக 15, ஐவைந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. ஆக மொத்தம் 63.

இதற்கு அவர் கூறிய விதி எளியது. ஒன்று முதல் எண்களை வரிசையாக எழுது. கீழே அவற்றையே தலைகீழாக எழுது. வலப்புறத்திலிருந்து, வேண்டிய அளவு மேல் எண்களைப் பெருக்கி, அதற்கு நேரான கீழ் எண்களின் பெருக்கத்தால் வகு. ஐந்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க, மேலே 5 × 4 = 20; கீழே 1 × 2 = 2; விடை 10. இன்று நாம் சேர்மானம் என்று படிப்பது இதுவே.

இப்போது சன்னலுக்குத் திரும்புவோம். ஒரு செவ்வகத்துக்குக் குறுக்குக் கம்பிகள் இரண்டும் நெடுக்குக் கம்பிகள் இரண்டும் போதும். நான்கில் இரண்டு, 6 வழி. ஐந்தில் இரண்டு, 10 வழி. 6 × 10 = 60 செவ்வகங்கள்! கம்பிகள் சாய்வாக வெட்டிக்கொண்டால் 60 இணைகரங்கள். இணைகோடுகள் எத்தனை இருப்பினும் இவ்வழியே போதும்.

இத்தகைய மேதையும் தவறியதுண்டு. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அது மாறாது என்று இவர் எழுதியது பிழை. ஆயினும் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று, அந்நாளில் அறியப்பட்ட எண்களைக் கொண்டு இவர் கூறியது நுட்பமான உண்மை.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் சுவடிகளிலேயே இருந்த மூலநூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார். அச்சுவடிகளைக் காத்தவர்கள் இல்லையேல் இவர் பெயரையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

தோழிகளே! கணக்கு என்றதும் அஞ்ச வேண்டா. அடுப்பங்கரைச் சுவையிலும் சன்னல் கம்பியிலும் அது நமக்காகக் காத்திருக்கிறது. பிழை நேரினும் தளராமல், பொறுமையுடன் வழி தேடுவோம். தம் வரலாற்றை எழுதாமல் தம் உழைப்பை மட்டும் விட்டுச் சென்ற அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.