நம்மாழ்வார்: குறுகிய ஆயுளும் நிலைத்த பயனும்

பாண்டியன் ஒருவன் பெயரால் அமைந்தது என்று கூறப்படும் பூதப்பாண்டியின் வழியே பாய்ந்து வரும் பழையாறு, திருப்பதிசாரத்தின் வயல்களையும் வளம்படுத்துகிறது. திருவண்பரிசாரம் என்று திவ்யப் பிரபந்தம் போற்றும் அத்திருப்பதியே நம்மாழ்வாரின் அன்னையார் உடையநங்கையாரின் பிறந்தகம். ஆதலின் நாஞ்சில் நாட்டார்க்கு ஆழ்வார் மகள் வயிற்றுப் பிள்ளை ஆவார்.

உடையநங்கையார் திருக்குருகூர்க் காரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். மகப்பேறு வேண்டி இருவரும் திருக்குறுங்குடி நம்பியைச் சேவித்தனர். நம்பியின் அருளால் வைகாசி விசாகத்தில் தோன்றிய குழந்தை அழவில்லை, பாலும் உண்ணவில்லை. பிறக்கும் உயிருக்கு மறதியை ஊட்டும் சடம் என்னும் வாயுவைக் கோபித்து விலக்கியமையால் அவர் சடகோபர் ஆனார். ஆதிநாதர் திருக்கோயிலின் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் மௌனமாக யோகத்தில் எழுந்தருளியிருந்தார். கலி பிறந்த 43ஆம் நாள் அவதரித்தார் என்பது குருபரம்பரை மரபு; வரலாற்று ஆய்வாளர் பலர் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவர் என்பர்.

திருக்கோளூரில் பிறந்த மதுரகவிகள், அயோத்தியில் இருந்தபோது தெற்கே ஓர் ஒளியைக் கண்டு அதனைத் தொடர்ந்து குருகூர் வந்தார். சடமாகிய உடலில் நுண்ணிய உயிர் புகுந்தால் எதனை அனுபவித்து எங்கே இருக்கும் என்று வினவினார். அவ்வுடலின் இன்பதுன்பங்களையே அனுபவித்து அங்கேயே கிடக்கும் என்று ஆழ்வார் விடை தந்தார். உயிர் எதனைப் பற்றுகிறதோ அதுவே அதன் உணவும் இருப்பிடமும் ஆகின்றது. தான் பற்றியதன் பயனைத் தானே நுகர்கின்றது. மதுரகவிகள் அந்தணர், வயதில் மிக மூத்தவர். ஆயினும் வேளாளர் குலத்து இளைஞரின் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றினார்.

ஆழ்வார் அருளிய பிரபந்தங்கள் நான்கு. அவற்றுள் திருவாய்மொழி 1102 பாசுரங்கள் கொண்டது. அதன் தொடக்கத்திலேயே, உடலில் உயிர் தங்கும் காலம் மின்னலினும் நிலையற்றது என்று உணர்த்தி, பற்றுகளை விட்டு இறைவனைப் பற்றுமாறு உபதேசிக்கின்றார். உலகைத் தனிக்குடையின்கீழ் ஆண்ட மன்னரும் பின்னர்ப் பிச்சை ஏற்பர் என்று மற்றொரு பதிகத்தில் எச்சரிக்கின்றார். தாயின் ஊராகிய திருவண்பரிசாரத்தையும் ஒரு பாசுரத்தில் நினைந்து, தம் நிலையை அங்குள்ள திருவாழ்மார்பனிடம் எடுத்துரைப்பார் இல்லையே என்று ஏங்குகின்றார்.

இவ்வுலகில் ஆழ்வார் வாழ்ந்தது 35 ஆண்டுகளே. பேசியதோ அதிலும் பாதியளவுதான். மதுரகவிகள் எஞ்சிய நாள்களை ஆசாரியனின் புகழ் பரப்புவதிலேயே செலவிட்டு, கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் 11 பாசுரங்களை அருளினார். பிற்காலத்தில் பிரபந்தங்கள் வழக்கொழிந்தபோது, நாதமுனிகள் குருகூர் வந்து அப்பாசுரங்களை 12,000 முறை அனுசந்தித்தார். ஆழ்வார் அருளால் நாலாயிரமும் மீண்டும் கிட்டின என்பது குருபரம்பரை கூறும் செய்தி. முதுமையில் ஒருவர் செய்துகொண்ட தேர்வு, பல தலைமுறைகளுக்கு வழியாயிற்று.

மார்கழித் திருவிழாவில் இராப்பத்தின் நிறைவாக ஆழ்வார் மோட்சம் நடைபெறுகின்றது. எம்பெருமானின் திருவடிகளில் ஆழ்வாரை எழுந்தருளச் செய்து திருத்துழாயால் மூடுகின்றனர். பின்னர் ஆழ்வாரை உலகத்தார்க்கே மீட்டுத் தரும்படி பெருமானிடம் விண்ணப்பிக்கின்றனர். தமக்கெனச் சேர்த்தவர் மறைந்ததும் மறக்கப்படுகின்றனர். பிறர் உய்யப் பாடியவரை உலகம் ஆண்டுதோறும் வேண்டிப் பெறுகின்றது. நாள்கள் சில என்று உணர்ந்தோர், அவற்றை எதன்பால் செலுத்துவது என்பதை ஆழ்வாரின் வாழ்வில் காணலாம்.