நாதத்தை ஆராய்ந்த இராமன்

சர் சி.வி. இராமன் என்றதும் ஒளிச்சிதறலை நினைப்பது நம் வழக்கம். இயற்பியல் மாணவனாகிய எனக்கோ, நானே கூட்டிய ஆம்ப்ளிபயரால்தான் அவர் நெருக்கமானார்!

ஓசூர்ப் பக்கத்தில் ஆம்ப்ளிபயர் என்றால் எத்தனை வாட் என்பதே முதற்கேள்வி. நானும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் உதிரிப் பாகங்கள் வாங்கி, 100 வாட்டில் ஒன்றை அமைத்தேன். முழக்கத்திற்குக் குறைவில்லை. இரவில் ஒலியைத் தணித்தாலோ மிருதங்கம் கரகரத்தது.

இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் இயற்பியல் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. தேறி, கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். வீணை, தம்புரா, வயலின் யாவும் அவருக்கு ஆய்வுப் பொருள்களாயின. 1917இல் உயர்ந்த ஊதியத்தை உதறிப் பேராசிரியரானார். (எனக்கு அத்துணிவு வருமா என்பது ஐயமே.)

சாதாரண முரசின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே அது முழங்கும், இசைக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்தோ தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி, முதல் ஐந்து சீரிசைகளையும் ஏறக்குறைய முழு மடங்குகளாக்குகிறது. இதனை 1920இல் வெளியிட்ட இராமன், 1933இல் பெங்களூர் வந்தபின், தோலின்மேல் மணல் தூவி அதிர்வுக் கோலங்களைக் கண்டு, 1934இல் விரிவாக எழுதினார். இடையில் 1930இல் வந்த நோபல் பரிசை நாடறியும்.

இதைப் படித்ததும் என் குறை விளங்கிற்று. வீட்டில் கேட்கும் ஒலிக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டே மிகுதி. பத்து மடங்கு திறன் கூட்டினாலும் செவிக்கு இரு மடங்கு உரப்பே தோன்றும். ஆனால் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் பெருக்குகையில், ஒன்று ஓய்ந்து மற்றது விழிக்கும் இடத்தில் அலை சிதைகிறது. உரத்த ஒலியில் அது தெரிவதில்லை; மெல்லொலியிலோ அதுவே பெரும்பங்கு! மிருதங்கத்தில் இல்லாத சீரிசைகளை என் பெட்டி தானாகச் சேர்த்துவிட்டது.

ஒலியில்லாத நிலையிலும் டிரான்சிஸ்டர்களில் சிறிது மின்னோட்டம் ஓடும்படி திருத்தினேன். அளவு மிஞ்சி ஒரு ஜோடி சூடேறிக் கெட்டது. இரண்டாம் ஜோடியில் கரகரப்பு அகன்றது.

1948இல் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில் இறுதிவரை உழைத்த இராமன், 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அந்நிலையம் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பாகங்கள் வாங்கப் பெங்களூருக்குப் பலமுறை போயும், அங்கு நான் இன்னும் சென்றதில்லை.