காஸ்பர் டேவிட் பிரீட்ரிக்

காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் (செப்டம்பர் 5, 1774 - மே 7, 1840) ஒரு ஜெர்மானிய ஓவியர் ஆவார். புனைவிய இயக்கத்தைச் சேர்ந்த நிலத்தோற்ற ஓவியர்களுள் இவர் முதன்மையானவர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். மூடுபனி, நிலவொளி, பனிக்கட்டி, இலையுதிர்ந்த ஓக் மரங்கள், இடிந்த மடாலயங்கள் ஆகியவை இவரது எண்ணெய் வண்ண ஓவியங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இயற்கைக் காட்சி என்பது சமய, வரலாற்று ஓவியங்களுக்குத் தாழ்ந்த ஒரு வகை என்று கருதப்பட்ட காலத்தில், இறையுணர்வையும் மனித வாழ்வின் நிலையாமையையும் இயற்கையைக் கொண்டே காட்ட முயன்றவர் இவர்.

இளமைக் காலம்

பிரீட்ரிக், பால்டிக் கடற்கரையை அடுத்த கிரைப்ஸ்வால்ட் நகரில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் சுவீடனின் ஆட்சிக்குட்பட்ட பொமரேனியாவில் இருந்தது. தந்தையார் அடால்ஃப் காட்லீப் பிரீட்ரிக் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறாமவராகப் பிறந்த பிரீட்ரிக், லூத்தரன் சமய நெறிப்படி வளர்க்கப்பட்டார்.

இவரது இளமை இழப்புகள் நிறைந்தது. 1781 ஆம் ஆண்டு, இவருக்கு ஆறு வயதாக இருந்தபோது தாயார் காலமானார். அடுத்த ஆண்டு ஒரு சகோதரி இறந்தார். 1787 ஆம் ஆண்டு, உறைந்த நீர்ப்பரப்பின் பனிக்கட்டி உடைந்ததில் சகோதரர் கிறிஸ்டோபர் மூழ்கி இறந்தார். ஆபத்தில் சிக்கிய காஸ்பரைக் காப்பாற்ற முயன்றபோதே அவர் இறந்தார் எனக் கூறப்படுகிறது. பிற்கால ஓவியங்களில் காணப்படும் துயர உணர்வுக்கு இந்நிகழ்வை ஒரு காரணமாக ஆய்வாளர் சிலர் காட்டுவர்.

கல்வி

1790 ஆம் ஆண்டளவில் கிரைப்ஸ்வால்ட் பல்கலைக்கழக ஓவிய ஆசிரியர் யோஹான் காட்பிரீட் குவிஸ்டார்ப் என்பவரிடம் பிரீட்ரிக் பயிற்சி பெறத் தொடங்கினார். குவிஸ்டார்ப் தம் மாணவர்களை வெளியிடங்களுக்கு அழைத்துச் சென்று இயற்கையை நேரில் பார்த்து வரையச் செய்தார். 1794 முதல் 1798 வரை கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் பயின்ற பின், பிரீட்ரிக் டிரெஸ்டன் நகரில் குடியேறினார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். அக்கால ஓவியர் பலர் இத்தாலி சென்று பயில்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். இவரோ இத்தாலிக்குச் சென்றதேயில்லை.

தொடக்கத்தில் பெரும்பாலும் செப்பியா எனப்படும் பழுப்பு மையினாலேயே இவர் வரைந்தார். 1805 ஆம் ஆண்டு கவிஞர் கேத்தேயின் முயற்சியால் வைமர் நகரில் நடந்த போட்டியில் இவருடைய இரு செப்பியா ஓவியங்கள் பாதிப் பரிசைப் பெற்றன. எண்ணெய் வண்ணத்தில் முழுமையாக ஈடுபட்டது முப்பது வயதைக் கடந்த பின்னரே ஆகும்.

தெட்சென் பலிபீட ஓவியம்

1808 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் பிரீட்ரிக் தமது ஓவியக்கூடத்தில் ஓர் எண்ணெய் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். பைன் மரங்கள் சூழ்ந்த மலையுச்சியில் ஒரு சிலுவை. அதன் பின்னால் மாலைக் கதிரவனின் ஒளிக்கற்றைகள். பலிபீடத்தில் வைக்கத்தக்க ஓவியமாக, செதுக்கு வேலைப்பாடுள்ள சட்டகத்துடன் இது அமைக்கப்பட்டிருந்தது. பலிபீட ஓவியங்களில் விவிலியக் காட்சிகளே நடுவில் இடம்பெறுவது மரபு. இங்கோ மலையும் மரமும் வானமும் அவ்விடத்தைப் பெற்றன. நிலத்தோற்ற ஓவியம் பலிபீடத்தில் ஏற முனைவது தகாது என்று பாசிலியஸ் ஃபான் ராம்டோர் என்ற விமரிசகர் 1809 இல் கடுமையாக எழுதினார். நண்பர்கள் பிரீட்ரிக்குக்காக வாதிட்டனர். பிரீட்ரிக்கும் தம் ஓவியத்துக்குத் தாமே விளக்கம் அளித்தார். அவ்விளக்கப்படி பாறை நம்பிக்கையின் உறுதியையும், எப்போதும் பசுமையான மரங்கள் மனிதர் கிறிஸ்துவின் மேல் கொண்ட நம்பிக்கையையும் குறிக்கின்றன. இவ்விவாதம் அவருடைய பெயரைப் பரவலாக அறியச் செய்தது.

கடலோரத் துறவி

1808 க்கும் 1810 க்கும் இடையில் வரையப்பட்ட "கடலோரத் துறவி" இவரது மிகத் துணிச்சலான ஓவியமாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 110 செ.மீ உயரமும் 171 செ.மீ அகலமும் கொண்ட இவ்வோவியத்தில் பெரும்பகுதி வெறும் வானமே. கீழே கரிய கடல், மணற்கரை, அதில் மிகச் சிறிய உருவமாக ஒரு துறவி. அகச்சிவப்புக் கதிர் ஆய்வில், கடலில் கப்பல்களும் முதலில் வரையப்பட்டிருந்து பின்னர் கைவிடப்பட்டது தெரியவந்துள்ளது. கண்ணுக்குப் பிடிப்பாக இருந்தவற்றை நீக்கியதன் மூலம் வெறுமையையே ஓவியத்தின் பொருளாக அவர் ஆக்கினார் எனலாம்.

இவ்வோவியமும் "ஓக் காட்டில் மடாலயம்" என்ற ஓவியமும் 1810 இல் பெர்லின் கலைக்கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் இரண்டையும் வாங்கினார். அதே ஆண்டில் பிரீட்ரிக் பெர்லின் கலைக்கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஓவிய முறை

பிரீட்ரிக் கால்நடையாக நெடுந்தூரம் பயணம் செய்தார். ரூகன் தீவு, எல்பா மணற்கல் மலைகள், ஹார்ஸ் மலைகள் முதலிய இடங்களில் மரங்களையும் பாறைகளையும் பென்சிலால் நுணுக்கமாக வரைந்து, நாளையும் குறித்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்தும் அக்கோட்டோவியங்களை எடுத்து, வெவ்வேறு இடங்களின் பகுதிகளை இணைத்து, ஓவியக்கூடத்தில் எண்ணெய் ஓவியங்களாக்கினார். "மூடுபனிக் கடலின் மேல் வழிப்போக்கன்" (1818 அளவில்) ஓவியத்திலுள்ள பாறைக்கு 1813 இல் வரைந்த கோட்டோவியம் பயன்பட்டது. ஆல்ப்ஸ் மலையை நேரில் காணாமலேயே, தம் மாணவர் ஒருவரின் நீர்வண்ண ஓவியத்தைத் துணைக்கொண்டு "வாட்ஸ்மன்" சிகரத்தைத் தீட்டினார்.

வண்ணத்தை மிக மெல்லிய அடுக்குகளாகப் பூசி ஒளியையும் பனிமூட்டத்தையும் உருவாக்குவது இவரது வழக்கம். நண்பர் கேர்ஸ்டிங் வரைந்த படங்களில் இவருடைய ஓவியக்கூடம் ஏறக்குறைய வெறுமையாகவே காணப்படுகிறது. ஓவியங்களில் மனிதர்கள் பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டி நிற்கின்றனர். இதனால் பார்வையாளர் அவர்களுடைய முகத்தைப் பாராமல், அவர்கள் காணும் காட்சியையே தாமும் காண்கின்றனர்.

திருமணமும் பிற்காலமும்

1816 இல் டிரெஸ்டன் கலைக்கழக உறுப்பினரான இவருக்கு ஆண்டுக்கு 150 தாலர் ஊதியம் கிடைத்தது. 1818 ஜனவரியில் கரோலின் பொம்மர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர். திருமணத்துக்குப் பின் ரூகன் தீவுக்குச் சென்று வந்ததன் பயனாக "ரூகனின் சுண்ணாம்புப் பாறைகள்" உருவாயிற்று. இக்காலம் முதல் இவரது ஓவியங்களில் பெண்கள் மிகுதியாக இடம்பெற்றனர்.

1820-21 குளிர்காலத்தில் எல்பா ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகளை எண்ணெய் வண்ணத்தில் பயிற்சிப் படங்களாக வரைந்தார். இவற்றின் அடிப்படையில் "பனிக்கடல்" (1823-24) உருவானது. கூர்மையான பனிப்பாளங்கள் கோபுரம்போல் குவிந்திருக்க, நொறுங்கிய கப்பலின் ஒரு பகுதி மட்டும் ஓரத்தில் தெரிகிறது. இவ்வோவியம் அவர் வாழ்நாளில் விற்பனையாகவில்லை. அவர் மறைந்த பின், ஒரே வீட்டில் குடியிருந்த நண்பரும் நார்வே ஓவியருமான யோஹான் கிறிஸ்டியன் டால் அதனை வாங்கினார்.

1824 இல் துணைநிலைப் பேராசிரியர் பட்டம் கிடைத்தபோதும், நிலத்தோற்ற ஓவிய வகுப்பை நடத்தும் பதவி இவருக்கு வழங்கப்படவில்லை. மக்களின் விருப்பம் மாறியதால் வாங்குவோர் குறைந்தனர். ரஷ்யக் கவிஞர் சுகோவ்ஸ்கி, அரச குடும்பத்துக்காக ஓவியங்களை வாங்க உதவி இவரை ஆதரித்தார். 1835 ஜூன் மாதம் பக்கவாதம் தாக்கியதால் எண்ணெய் ஓவியம் தீட்டுவது கடினமாயிற்று. மீண்டும் செப்பியாவுக்கும் நீர்வண்ணத்துக்கும் திரும்பினார். 1840 மே 7 ஆம் நாள் டிரெஸ்டனில் காலமானார். அவரது உடல் அந்நகரின் திரித்துவக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மறதியும் மீட்பும்

இறக்கும்போதே பெரிதும் மறக்கப்பட்டிருந்த இவரை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்வே கலை வரலாற்றாளர் ஆந்திரியாஸ் ஆபர்ட் மீண்டும் அறிமுகப்படுத்தினார். 1906 இல் பெர்லினில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இடம்பெற்றன. பல படைப்புகள் 1901 இல் அவர் பிறந்த வீட்டிலும், 1931 இல் மியூனிக் கண்ணாடி மாளிகையிலும் ஏற்பட்ட தீவிபத்துகளிலும், இரண்டாம் உலகப் போரிலும் அழிந்தன.

நாசிகள் இவரைத் தம் தேசியப் பரப்புரைக்குப் பயன்படுத்தியதால், போருக்குப் பின் இவரது மதிப்பு குறைந்தது. 1972 இல் லண்டனிலும் 1974 இல் ஹாம்பர்க்கிலும் நடந்த கண்காட்சிகள் அந்நிலையை மாற்றின. நிலவை நோக்கி நிற்கும் இருவரைக் காட்டும் இவரது ஓவியமே "கோடோவுக்காகக் காத்திருத்தல்" நாடகத்துக்குத் தூண்டுதல் என நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் கூறியதாகப் பதிவு உண்டு. 250 ஆவது பிறந்த ஆண்டான 2024 ஐயொட்டி ஹாம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் நகரங்களிலும், 2025 இல் நியூயார்க்கிலும் பெரிய கண்காட்சிகள் நடைபெற்றன.

முக்கிய ஓவியங்கள்

தெட்சென் பலிபீட ஓவியம், 1808 - டிரெஸ்டன்
கடலோரத் துறவி, 1808-10 - பெர்லின்
ஓக் காட்டில் மடாலயம், 1809-10 - பெர்லின்
மூடுபனிக் கடலின் மேல் வழிப்போக்கன், 1818 அளவில் - ஹாம்பர்க்
பனிக்கடல், 1823-24 - ஹாம்பர்க்
வாழ்வின் பருவங்கள், 1835 அளவில் - லைப்சிக்