அடகு வைத்த வீடும் வெண்கலப் பதக்கமும்

1952-ம் ஆண்டு. மராட்டிய மண்ணில் உள்ள கராட் ரயில் நிலையத்தில் கூட்டம் அலை மோதியது. மேளதாளம் முழங்கியது. அலங்கரித்த மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, 151 வண்டிகள்!

ரயிலில் வந்து இறங்கியவர் மந்திரி அல்ல. சினிமா நடிகரும் அல்ல. அவர் ஒரு குஸ்தி பயில்வான். பெயர் கஷாபா ஜாதவ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றுத் திரும்பியிருந்தார். கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சொந்த ஊருக்கு ஊர்வலம் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.

சுதந்திர இந்தியாவில், தனி ஒருவராக நின்று ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் வீரர் அவர்தான். ஆனால் அந்தப் பதக்கத்துக்காக ஒருவர் தம் வீட்டையே அடகு வைத்திருந்தார்!

மண்ணில் பழகியவர்

சதாரா ஜில்லாவில் உள்ள கோலேஷ்வர் கிராமத்தில் 1926 ஜனவரி 15-ந் தேதி ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாகேப் பெயர் பெற்ற பயில்வான். மகனும் சிறு வயதிலேயே கோதாவில் இறங்கினார். பிறகு கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். கோலாப்பூர் குஸ்திக்குப் பேர் போன ஊர். அங்கே மன்னர்களே பயில்வான்களை ஆதரித்து வந்தார்கள்.

1948-ல் கோலாப்பூர் மகாராஜாவின் பண உதவியுடன் ஜாதவ் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். அதுவரை மண்ணில் புரண்டு பழகியவருக்கு அங்கே மெத்தை விரிப்பு. விதிகளும் புதியவை. ஆனாலும் ஆறாவது இடம் கிடைத்தது. அடுத்த முறை பதக்கம் வாங்குவது என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

கைகொடுத்த பிரின்சிபால்

நான்கு ஆண்டுகள் கடும் பயிற்சி. ஆனால் 1952-ல், சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் ஒரு புள்ளி குறைவு என்று சொல்லி அவரை ஒதுக்கினார்கள். இது அநியாயம் என்று பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபடி போட்டி நடந்தது. எதிராளியை வீழ்த்தி, இந்திய அணியில் தம் இடத்தைப் பிடித்தார்.

இடம் கிடைத்தது; பணம் கிடைக்கவில்லை. வழிச் செலவுக்கு ஜாதவே வழி தேட வேண்டியிருந்தது. கிராமத்தார் வீடு வீடாகச் சென்று வசூலித்தார்கள். அது போதவில்லை. ராஜாராம் கல்லூரியின் பிரின்சிபாலாக இருந்த கர்டேகர், தம் பங்களாவை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஒரு பவுன் தங்கம் நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது!

ஹெல்சிங்கியில்

ஹெல்சிங்கியில் ஜாதவ் கனடா வீரரை வென்றார். மெக்சிகோ வீரரை வென்றார். ஜப்பானிய வீரர் இஷியுடன் நீண்ட நேரம் மல்லுக்கட்டித் தோற்றார். களைப்பு ஆறும் முன்பே சோவியத் வீரர் மமத்பேயோவுடன் மோதச் சொன்னார்கள். இடையில் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி ஒருவர்கூட அங்கே இல்லையாம்! ஜாதவ் தோற்றார். இஷிக்குத் தங்கம், மமத்பேயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம்.

அதே ஹெல்சிங்கியில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. நாட்டின் கண்கள் ஹாக்கி மீதே இருந்தன.

ஊர் திரும்பிய ஜாதவ் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? குஸ்திப் போட்டிகள் நடத்தினார். அதில் வசூலான பணத்தைக் கொண்டு, பிரின்சிபாலின் வீட்டை அடகிலிருந்து மீட்டுக் கொடுத்தார்!

காக்கி உடை

பதக்கம் சோறு போடவில்லை. 1955-ல் பம்பாய் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். முழங்காலில் பட்ட அடியால் அடுத்த ஒலிம்பிக் கனவு கலைந்தது. பதவி உயர்வு நெடுங்காலம் வரவில்லை. உதவி கமிஷனர் பதவி கிடைத்தபோது ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. 1984 ஆகஸ்டு 14-ந் தேதி சாலை விபத்தில் இறந்தார்.

அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. அதன் பின் 23 ஆண்டுகள் ஜாதவ் உயிரோடு இருந்தார். விருது வந்ததோ அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து! 2010-ல் டெல்லி குஸ்தி அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

குஸ்தியை நம்பியதால் அவர் அடைந்த லாபம் என்ன? பணக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஊருக்கு ஊர் கைதட்டும் ஆட்டமாக இருந்திருந்தால், ஒரு பிரின்சிபால் வீட்டை அடகு வைக்கும்படி ஆகியிருக்காது. திறமை உள்ள பிள்ளையைக் கோதாவில் இறக்கிவிட்டு, செலவை அவன் தலையிலேயே கட்டுவது நியாயம் அல்ல.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. அவருக்குப் பின் தனி நபர் பதக்கம் ஒன்று இந்தியாவுக்கு வர 44 ஆண்டுகள் ஆயின. 1996-ல் டென்னிசில் லியாண்டர் பயஸ் அதைப் பெற்றார். குஸ்தியில் அடுத்த பதக்கத்தை 2008-ல் சுசில் குமார் வாங்கினார். இடையில் 56 ஆண்டுகள்! அத்தனை காலமும், இந்தியப் பயில்வானால் முடியும் என்பதற்கு அந்த ஒரு வெண்கலம்தான் சாட்சி.

ஜாதவின் உழைப்பு வீண் போகவில்லை. அவருக்குச் சேர வேண்டியதை உரிய காலத்தில் கொடுக்கத் தவறியது நாடுதான்.